டைனமோ கற்பித்த அளவு

1990 இல் போர் மீண்டும் மூண்டபின், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தேசிய மின்விநியோகம் இன்றியே வாழ்ந்தன. பொருளாதாரத் தடையால் வானொலிக்குப் பற்றரியும் அரிதாயிற்று. செய்தி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதிகட்டையைக் கையால் சுழற்றினார்கள். டைனமோ வானொலியைப் பேசவைத்தது. மெதுவாகச் சுழற்றினால் குரல் மங்கும். வேகம் மிஞ்சினால் மின்னழுத்தம் ஏறி வானொலியே பழுதாகலாம். சுழற்றும் கைக்கு அளவு தெரிந்திருக்க வேண்டும்.

அதே காலத்தில், 1998 இல், வெளியுலகில் கணினி ஆர்வலர்கள் 300 மெகாஹேர்ட்ஸ் வேகத்துக்கென விற்கப்பட்ட இன்டெல் செலரோன் 300ஏ புரொசசரை 450 இல் ஓட்டி மகிழ்ந்தனர். மின்சாரம் அவர்களுக்குக் கவலையே அன்று. ஆனால் விதி ஒன்றுதான். மின்னழுத்தத்தைப் பத்து வீதம் உயர்த்தினால், வேகத்தைக் கூட்டாமலே மின்நுகர்வு ஏறத்தாழ 21 வீதம் உயரும். அச்சுமையைத் தாய்ப்பலகையின் மின்சீராக்கி தாங்கவேண்டும். ஆதலால் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் வெப்பத்தைச் சோதித்து, பலகைக்கு விதித்த எல்லைக்குள் நிற்பதே முறை. 2024 இல் இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறைப் புரொசசர்கள் பல நிலைகுலைந்தமைக்கும் அளவுமீறிய மின்னழுத்தமே காரணமென அந்நிறுவனமே அறிவித்தது.

இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இயங்குகின்றது. டைனமோ சுழற்றிய கைகளோ முதுமை எய்துகின்றன. அம்மாணவர்கள் அயலூர்களுக்குச் சென்று, அந்தக் கைகளுக்குரியோரிடம் கேட்டு எழுதிவைப்பார்களாயின், அதுவும் பொறியியல் வரலாறே.