தமிழ்த் திரையில் யுத்தப் பிரசாரமும் அச்சு நாட்டார் சித்திரிப்பும்

இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் என்னும் அச்சு நாடுகளைப் பகையாகக் காட்டி, மக்கள் மனத்தைப் போர்முயற்சியின்பால் திருப்பும் நோக்கத்தோடு எடுக்கப்பெற்ற தமிழ்ப் படங்களும், யுத்தம் ஓய்ந்த பின்னர் அக்காலத்தைச் சரித்திரமாகக் கொண்டு எழுந்த படங்களும் இக்கட்டுரையின் பொருளாகும். ஹிட்லரும் கோயபல்ஸும் பாத்திரங்களாக நடமாடும் படங்கள் நம் நாட்டில் மிகச் சில. 1945-இல் தமிழ்த் திரை கண்ட பகைவன் ஜப்பானியனே. ஏனெனில் அந்த யுத்தம் தமிழ்க் குடும்பங்களை வந்து தாக்கியது பர்மா, மலேயா, சிங்கப்பூர் ஆகிய தேசங்களின் வழியாகத்தான்.

சினிமாவை ஓர் ஆயுதமாகவே கையாளலாம் என்பதை உலகுக்கு உணர்த்தியவர்கள் நாஜிகள். 1933 மார்ச்சில் பிரசார மந்திரியான கோயபல்ஸ் ஜெர்மனியின் படத்தொழில் முழுவதையும் தம் ஆதிக்கத்தின்கீழ்க் கொணர்ந்தார். 1934-இல் நியூரம்பர்க்கில் கூடிய நாஜிக் கட்சி மகாநாட்டை லெனி ரீஃபென்ஸ்டால் படமாக்கி மறு வருஷம் வெளியிட்ட 'மனவுறுதியின் வெற்றி'யில் ஹிட்லர் மேகத்தினின்று இறங்கி வரும் தெய்வம்போலத் தோன்றுகிறார். அதற்கு மறுமொழி போல 1940-இல் சார்லி சாப்ளின் 'மகா சர்வாதிகாரி'யில் அந்தத் தெய்வத்தைக் கோமாளியாக்கிக் காட்டினார். அமெரிக்க சர்க்காருக்காகப் படம் எடுத்த ஃபிராங்க் காப்ராவோ, ரீஃபென்ஸ்டாலின் காட்சிகளையே எடுத்து நாஜிகளுக்கு எதிரான சாட்சியமாக மாற்றிவிட்டார். இவ்விருவழிப் பிரசாரம் தமிழ்மொழியையும் தீண்டாமல் விடவில்லை. பெர்லினிலிருந்து சுபாஷ் சந்திர போஸ் தொடங்கிய ஆசாத் ஹிந்த் வானொலி தமிழிலும் பேசிற்று; லண்டன் பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே மாதம் தொடங்கிற்று.

இவ்வானொலிச் செய்திகள் கடையநல்லூர் போன்ற ஊர்களில் எவ்வளவு கவலையோடு கேட்கப்பட்டிருக்கும் என்பதை உய்த்துணர்தல் எளிது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தென்காசிக்கு வடக்கே நெசவுத்தொழிலால் பெயர்பெற்ற இவ்வூரிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் பல, சிங்கப்பூருக்குக் கப்பலேறித் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறியிருந்தன. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்னும் சங்கம் அங்கே நிறுவப்பெற்றது 1941-இல். 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் அந்த நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. அடுத்த மாதம் ரங்கூனும் வீழ்ந்தது. பல இலட்சம் இந்தியர் பர்மாவைவிட்டுக் காட்டுவழியே நடந்து வந்தனர். வழியில் மாண்டவர் ஆயிரமாயிரம் பேர்.

இத்தகைய பெருந்துயரம் கண்முன் கிடக்க, அதைப் பற்றிப் படம் எடுக்கும்படி தூண்டியவர்கள் அந்நியச் சர்க்கார் என்பதே தமிழ்த் திரையின் துர்ப்பாக்கியம். கச்சாப்பிலிம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவேண்டியிருந்தமையால் யுத்தகாலத்தில் அதற்குப் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேற்படலாகாது என்ற வரம்பும், அதன்பின் 1943-இல் பிலிமுக்கு லைசென்ஸ் முறையும் வந்தன. அதே வருஷம் தோன்றிய 'இன்ஃபர்மேஷன் ஃபிலிம்ஸ் ஆஃப் இந்தியா' தயாரித்த சர்க்கார் படங்களை ஒவ்வொரு கொட்டகையும் கட்டாயமாகக் காட்டவேண்டியதாயிற்று. பிலிம் பங்கீடு தம் கையில் இருந்த பலத்தால், போர்முயற்சிக்கு அனுகூலமான கதைப்படங்களையும் எடுத்துத் தரவேண்டுமென்று அதிகாரிகள் பட முதலாளிகளை நெருக்கினர்.

அந்நெருக்கடியின் பலனாக 1945-இல் சில தமிழ்ப் படங்கள் வெளிவந்தன. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி. ஆர். சுந்தரம் 'பர்மா ராணி'யை எடுத்தார். ஜப்பானியர் பிடித்த பர்மாவில் விமானம் வீழ்ந்து சிக்கிக்கொண்ட இந்திய விமானிகளின் கதை அது; சி. ஹொன்னப்ப பாகவதரும் கே. எல். வி. வசந்தாவும் முக்கிய வேஷங்களில் நடித்தனர். ஜப்பானியத் தளபதியாக நடித்தவர் சுந்தரமே. அதிகாரமும் குரூரமும் ஒருங்கே திரண்ட சேனாதிபதி வேஷத்தை வேறொருவருக்குத் தராமல் டைரக்டரே தாங்கினார் என்பது, வில்லன் பாத்திரத்தின்மீதே அப்படத்தின் பாரம் நின்றது என்பதற்குச் சான்றாகக் கொள்ளத்தக்கது. ஜெமினி ஸ்தாபனம் கொத்தமங்கலம் சுப்புவின் டைரக்ஷனில் எம். கே. ராதாவும் சுந்தரிபாயும் நடித்த 'கண்ணம்மா என் காதலி'யை வெளியிட்டது.

அவ்வகையில் வந்த மற்றொரு படமாகிய 'மானசம்ரட்சணம்' தனியே கவனிக்கத்தக்கது. அதை எடுத்தவர் கே. சுப்பிரமணியம். 1939-இல், கல்கியின் கதையைத் 'தியாகபூமி'யாகப் படமாக்கி, தேசபக்தி நிறைந்ததென்னும் குற்றத்துக்காக மறு வருஷமே அதற்குச் சர்க்காரின் தடையைப் பெற்ற அதே சுப்பிரமணியம், எஸ். டி. சுப்புலட்சுமியைக் கதாநாயகியாக்கி அதே சர்க்காரின் போர்முயற்சிக்குப் படம் எடுக்க நேர்ந்தது. இதைக் கொண்டு அவரது தேசபக்தியைச் சந்தேகிப்பது பெரும் அநியாயமாகும். நாஜியிசத்தையும் ஜப்பானிய ஆக்கிரமிப்பையும் மனமார வெறுத்தவர்களே, தம் நாட்டை அடிமைகொண்டவரின் வெற்றிக்காகப் பாடுபடவும் மனம் ஒப்பாமல் தவித்த காலம் அது. காங்கிரஸ் தலைவர்களோ 1942 ஆகஸ்டு முதல் சிறையில் இருந்தனர். அந்தத் தவிப்பே படமாக வந்திருக்குமாயின் அது நம் கலைக்கு அழியாச் செல்வமாய் இருந்திருக்கும். வடக்கே வி. சாந்தாராம் அவ்வழியில் சிறிது தூரம் சென்றார். அதே போர்முயற்சி நெருக்கடியின் நிழலில், சீன மக்களுக்கு வைத்தியம் செய்து அங்கேயே உயிர்நீத்த சோலாப்பூர் டாக்டர் கோட்னிஸின் கதையை 1946-இல் எடுத்து, ஜப்பானிய எதிர்ப்பையும் இந்தியரின் பெருமையையும் ஒரே கதையில் இணைத்துவிட்டார்.

யுத்தம் 1945 ஆகஸ்டில் முடிந்தது. நவம்பரில் டில்லிச் செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவத்தார்மீது வழக்கு நடந்தபோது நாடு முழுவதும் அவர்கள் பக்கம் எழுந்து நின்றது. ஜப்பானியரோடு சேர்ந்து போராடியவர்களை வீரராகப் போற்றிய ஜனங்களிடம், ஜப்பானியரை அரக்கராகக் காட்டும் படங்களுக்கு இனி என்ன இடம் இருக்கமுடியும்? அவ்வகைப் படங்கள் அத்துடன் நின்றுபோயின. சுதந்திரத்துக்குப் பின் தமிழ்ச் சரித்திரப் படங்களில் பகைவனின் ஆசனத்தில் வெள்ளைக்காரன் அமர்ந்தான். பி. ஆர். பந்துலுவின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959-இலும், 'கப்பலோட்டிய தமிழன்' 1961-இலும் வெளிவந்தன. முன்னதில் ஜாவர் சீதாராமன் ஏற்ற ஆங்கிலத் தளபதி பானர்மன் வேஷத்தில், ஒப்பனைக்கு உள்ளேயும் ஒரு மனிதனின் கர்வமும் நிதானமும் புலப்படுகின்றன. ஆங்கிலேயக் கலெக்டரைச் சுட்ட செங்கோட்டை ஊர் வாஞ்சிநாதனின் கதையைப் பிறந்தது முதலே கேட்டு வளர்ந்த தென்காசிச் சீமையார்க்கு இப்படங்களில் கண்ட பகை, எவருடைய உத்தரவாலும் வந்ததன்று.

ஹிட்லரை நேரடியாகச் சித்திரித்த இந்தியப் படங்களுள் ஷியாம் பெனகலின் நேதாஜி சரித்திரம் முதன்மையானது. 2005-இல் வெளியாகி, ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த அப்படத்தில், 1942 மே மாத இறுதியில் நிகழ்ந்த போஸ்–ஹிட்லர் சந்திப்பு இடம்பெறுகிறது. இந்தியரின் கண்கொண்டு ஹிட்லரை நோக்கும் அக்காட்சியில், உதவி நாடிச் சென்ற ஒருவர் தாம் நாடியவரின் அலட்சியத்தைக் காண நேரும் வேதனை தங்கியிருக்கிறது. 2011-இல் ரகுவீர் யாதவ் ஹிட்லராக நடித்த 'காந்தி டு ஹிட்லர்' அத்தகைய ஆழம் உடையதன்று. யூதர்களின் ஆட்சேபத்தை அறிந்த அனுபம் கேர் முன்பே அவ்வேஷத்தினின்று விலகிக்கொண்டார். தமிழ்க் கதைப்படங்களில் ஹிட்லர் என்பது கண்டிப்பான ஆளுக்கு இட்ட பட்டப்பெயராகவே வழங்கிற்று. சிவாஜி கணேசன் நடித்த 'ஹிட்லர் உமாநாத்' 1982-இல் வந்தது. கோடிக்கணக்கான உயிர்களைக் குடித்தவனின் பெயரை இத்தனை இலேசாக எடுத்தாள்வது வருந்தத்தக்கது.

அச்சு நாட்டாரின் கொடுமையைத் தமிழர் உடம்பில் அனுபவித்த இடம் சயாம்–பர்மா ரயில்பாதை. 1942, 1943 ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் தூரம் காட்டையும் மலையையும் வெட்டி அதை அமைக்க, மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் காலராவாலும் பட்டினியாலும் பல்லாயிரக்கணக்கில் மடிந்தனர். 1945-இன் பிரசாரப் படங்கள் இவர்களை அறியா. 1957-இல் டேவிட் லீன் அந்த ரயில்பாதையையே பொருளாகக் கொண்டு, இலங்கையில் கித்துல்கலை ஆற்றங்கரையில் பாலம் கட்டிப் படம்பிடித்த 'குவாய் நதிப் பாலம்', ஆங்கிலேயப் போர்க்கைதிகளின் மானத்தையும் ஜப்பானியத் தளபதியின் பிடிவாதத்தையும் விரித்துரைத்து உலகப்புகழ் எய்திற்று. அக்கைதிகளைவிட மிகுதியாக அங்கே உழைத்து மடிந்த ஆசியத் தொழிலாளரின் கதை அப்படத்தில் சொல்லப்படவில்லை.