கதிர் அறையில் கடைசிப் பெயர்

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்தில் 1936 ஏப்ரலில் ஒரு நினைவுக்கல் திறக்கப்பட்டது. எக்ஸ்ரேயாலும் ரேடியத்தாலும் உயிரிழந்த 169 பேரின் பெயர்கள் அதில் இருந்தன. கல்லின் அர்ப்பண வாசகம் மருத்துவர், இயற்பியலாளர், வேதியியலாளர், தொழில்நுட்பர், ஆய்வகப் பணியாளர் என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில்தான் செவிலியரிடம் வருகிறது. கதிர் பாதுகாப்பின் வரலாற்றிலும் அவர்களுக்கு நெடுங்காலம் அதே இடம்தான்.

1895 நவம்பரில் இயற்பியலாளர் ரான்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டறிந்த சில மாதங்களிலேயே மருத்துவமனைகள் எக்ஸ்ரே எடுக்கத் தொடங்கிவிட்டன. குழாயைச் சுற்றி மறைப்பு கிடையாது. ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் ஆகும். அழுது புரளும் குழந்தையை அதுவரை யாராவது அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பாஸ்டனின் பல் மருத்துவர் வில்லியம் ரோலின்ஸ், எக்ஸ்ரே பட்ட கினிப்பன்றிகள் செத்துப்போவதை 1901-இல் எழுதிக்காட்டினார். குழாயை ஈயத்தால் மூடச் சொன்னார். கேட்டவர்கள் குறைவு. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி கைகளை இழந்து 1904-இல் இறந்த பிறகே பயம் பரவியது.

முதல் உலகப்போர் நிலைமையை மாற்றியது. மேரி கியூரி எக்ஸ்ரே கருவி பொருத்திய வண்டிகளைப் போர்முனைக்கு அனுப்பினார். வண்டியின் எஞ்சினே டைனமோவைச் சுழற்றி மின்சாரம் தந்தது. கருவியை இயக்க ஆள் வேண்டுமே! பாரிஸில் 1916 முதல் சுமார் 150 பெண்களுக்கு மின்சாரம், எக்ஸ்ரே, உடற்கூறு ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்தார். செவிலியர் பயிற்சி பெற்றிருந்த மகள் ஐரீனும் அவருடன் உழைத்தார். பாதுகாப்புக்கு இருந்தவை கையுறையும் சில ஈயத் தகடுகளும்தான். ஆனாலும் அந்தப் பெண்களுக்குக் கதிர் எங்கிருந்து வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியும்.

அமைதி திரும்பியதும் எக்ஸ்ரே தனித் தொழிலானது. பிரிட்டனில் ரேடியோகிராஃபர்களின் சங்கம் 1920-இல் உருவானது. 1928-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய சர்வதேச மாநாடு இத்துறைப் பணியாளருக்கு விதிகளைப் பரிந்துரைத்தது: நாளுக்கு 7 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரத்துக்கு 5 நாள்தான், ஆண்டுக்கு ஒரு மாதமாவது விடுப்பு வேண்டும், ஓய்வு நாள்களைத் திறந்த வெளியில் கழிக்க வேண்டும். நல்ல விதிகள்தான். ஆனால் அவை முழுநேரம் கதிரோடு வேலை செய்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வார்டிலிருந்து நோயாளியோடு வந்து, பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பும் செவிலியர் அவற்றின் கணக்கில் சேரவில்லை. கருவியை இயக்கும் பொறுப்பு கைமாறியபோது அதைப் பற்றிய அறிவும் கைமாறிவிட்டது.

அந்த அறிவில் பெரும்பகுதி எளிமையானது. கருவி அருகே நிற்பவர் மீது படுவது முக்கியமாக நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர். தூரம் இரு மடங்கானால் அதன் அளவு ஏறக்குறைய நான்கில் ஒன்றாகக் குறையும். ஸ்விட்சை அணைத்ததும் கதிர் நின்றுவிடும். எக்ஸ்ரே எடுத்துத் திரும்பிய நோயாளியைத் தொடப் பயப்படத் தேவையில்லை. ஆனால் எலும்பு ஸ்கேனுக்காக டெக்னீஷியம் என்னும் கதிரியக்கப் பொருளை ஊசியில் ஏற்றிக்கொண்டவரின் கதை வேறு. அதன் அரை ஆயுள் 6 மணி நேரம். அன்று அவருடைய சிறுநீரைக் கையாளும்போதும் கவனம் வேண்டும்.

இந்த வேறுபாடு தெரியாதவர், பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாகவும் தேவையில்லாத இடத்தில் பதறியும் நிற்பார்.

இதய இரத்தக்குழாய் அடைப்பைச் சரிசெய்யும் கேத் லேப்கள் பெருகியபோது செவிலியரின் பாதுகாப்பு பற்றிய கேள்வி மீண்டும் எழுந்தது. அங்கே எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டேதான் சிகிச்சை நடக்கும். ஈய அங்கி மார்பையும் வயிற்றையும் காக்கும், கண்ணைக் காக்காது. கோலாலம்பூரில் நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. அதில் பரிசோதிக்கப்பட்ட 11 செவிலியரில் 5 பேரின் கண்வில்லையில் கதிரோடு தொடர்புடைய மங்கல் தென்பட்டது. அடுத்த ஆண்டே சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம், பணியாளர் கண்வில்லைக்கான ஆண்டு வரம்பை 150 மில்லிசீவெர்ட்டிலிருந்து, ஐந்தாண்டுச் சராசரியாக 20 மில்லிசீவெர்ட்டுக்கு இறக்கியது.

கேத் லேப் செவிலியருக்கு இன்று ஈய அங்கியோடு, வாங்கிய கதிரை அளக்கும் பேட்ஜும் உண்டு. ஐ.சி.யூ.வில் போர்ட்டபிள் எக்ஸ்ரே வரும்போது அருகில் இருக்கும் செவிலியர் பொதுவாக அந்த பேட்ஜ் அணிவதில்லை. “எக்ஸ்ரே” என்ற குரல் கேட்டதும் இரண்டு மீட்டர் விலகி நிற்க யாராவது அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.