கூலிச் சீட்டில் குடிவரலாறு

அரசனுக்குப் பரம்பரை உண்டு. திருவாலங்காட்டுச் செப்பேட்டைப் புரட்டினால், இராசேந்திர சோழனின் மூதாதையர் வரிசை கதிரவன் வரை நீள்வதைக் காணலாம். கதிரவனுக்குப் பிள்ளை பிறந்ததை எந்தக் கணக்கன் கண்டான் என்று எவரும் கேட்டதில்லை. செம்பிலே வெட்டப்பட்டதாயிற்றே! ஆனால், அந்தச் சோழன் வெட்டுவித்த ஏரியிலே மண் சுமந்தவன் யார்? அவனைப் பெற்றவள் யார்? எந்த ஊரான்? செப்பேடு வாய் திறவாது.

அப்படியானால், ஏழையின் பாட்டன் பெயரை எங்கே தேடுவது? கோயிற் சுவரில் இல்லை. புலவர் பாட்டில் இல்லை. நிலம் இல்லாதவனாதலால் நிலப் பட்டாவிலும் இல்லை. ஆனாலும் ஓரிடத்தில் இருக்கிறது. அவனை அடக்கி வேலை வாங்கியவர்களின் பேரேட்டிலே இருக்கிறது!

மொரீசியசுத் தீவைப் பாருங்கள். அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் 1833-இல் நிறைவேறியது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்குக் கைகள் தேவைப்பட்டன. 1834-இல் தொடங்கி 1910 வரை, கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவுக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். தமிழர் ஆயிரமாயிரம் பேர் அவர்களில் உண்டு. போர்ட் லூயி துறைமுகத்தில் அவர்கள் இறங்கிய குடியேற்றக் கொட்டடி, இன்று 'ஆப்ரவாசி காட்' என்னும் பெயருடன் நிற்கிறது. 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது.

இறங்கியவுடன் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், அகவை, உயரம், சாதி, ஊர், வந்த கப்பல், அனுப்பப்பட்ட தோட்டம் எல்லாம் எழுதப்பட்டன. அன்பினால் எழுதினார்களா? இல்லை. ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே, அதற்காக எழுதினார்கள்!

எழுத்தும் போதவில்லை அவர்களுக்கு. ஒப்பந்த ஆண்டுகள் முடிந்த பிறகும் அந்தத் தொழிலாளி தன் விருப்பப்படி நடமாடிவிடக் கூடாது என்று 1867-இல் ஒரு சட்டம் செய்தனர். பழைய குடியேறியவர் ஒவ்வொருவரும் தம் உருவப்படம் ஒட்டிய சீட்டையும், காவல் துறையின் அனுமதிச் சீட்டையும் உடன் வைத்திருக்க வேண்டும். சீட்டு கையில் இல்லையா? நாடோடி என்று பிடித்துச் செல்லலாம்! 1871-இல் அடால்ஃப் டி பிளெவிட்சு என்னும் தோட்டக்காரர் இக்கொடுமைகளை எடுத்துரைக்க, 9,401 தொழிலாளர் ஒப்பமிட்ட விண்ணப்பம் ஆளுநரிடம் சென்றது. 1872-இல் விசாரணைக் குழுவும் வந்தது.

அன்று எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில், பேரேடுகளும் படங்களும் பாதுகாக்கப்படுகின்றன. சிரிப்பில்லாத முகங்கள், கேமராவை நேராக நோக்கும் விழிகள். காவலுக்காக எடுத்த படம், கொள்ளுப் பேரனுக்குக் குடும்பப் படமாகிவிட்டது!

தேடும் முறை கடினமானதன்று, பொறுமை வேண்டும். உயிரோடிருக்கும் மூத்தவரிடம் தொடங்க வேண்டும். அவர் சொல்லும் பெயரைக் கொண்டு பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளில் ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். முதலில் வந்திறங்கியவரின் எண் கிடைத்துவிட்டால், கப்பலும் ஊரும் கிடைத்துவிடும். இடையிலே எழுத்துக் குழப்பம் உண்டு. அயல்மொழி எழுத்தன் காதில் விழுந்தபடி எழுதினான். ஆறுமுகம் 'ஆர்மூகம்' ஆனார், கருப்பன் 'குர்ப்பன்' ஆனார். தகப்பன் பெயரே தலைமுறை தலைமுறையாகக் குடும்பப் பெயராக உறைந்தது. எனவே எழுத்தைப் பாராமல் ஒலியைப் பார்த்துத் தேட வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் இதே கதை. 1860 நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' கப்பல் டர்பனை அடைந்தது. 1911 வரை 1,52,184 பேர் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுடைய கப்பல் பட்டியலில் மற்றொரு கட்டம் உண்டு: உடல் அடையாளம். இடது முழங்காலில் தழும்பு, நெற்றியில் மச்சம் என்று எழுதியிருக்கும்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அந்தப் பட்டியலில் எந்தக் கட்டத்தை நம்பலாம்? எந்தக் கட்டத்தை நம்ப முடியாது? தழும்பை எழுத்தன் தன் கண்ணால் கண்டு எழுதினான். சாதியையோ, சொன்னபடி எழுதினான். உழைத்துக் காய்த்த கைகளையே ஆள் பிடிப்போர் விரும்பினர் என்பதால், 'மேல்' சாதியார் சிலர் தம்மை உழவரென்று சொல்லிக்கொண்டனர். 'கீழ்' என்று ஒதுக்கப்பட்டோர் சிலர், கடல் தாண்டும்போதே பழைய பெயரைக் கரையில் விட்டுச் சென்றனர். ஆயிரம் ஆண்டுகளாக மாற்ற முடியாதது, இறைவன் வகுத்தது என்று பேசப்பட்ட சாதி, ஒரு துறைமுக மேசையின் முன்னே ஒரு சொல்லால் மாறிவிட்டது! பரம்பரையைத் தேடிப் போகிறவர் சாதிப் பெருமையைத் தேடிப் போனால், பட்டியலிலேயே உறுதி குறைந்த கட்டத்தைத்தான் பற்றிக்கொள்கிறார்.

1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே சாதிப் பட்டம் வேண்டாமென்று தீர்மானித்தது. நேட்டாலிலோ நாயுடு, பிள்ளை, முதலி, படையாட்சி என்பவை குடும்பப் பெயர்களாகப் பதிவேட்டில் நிலைத்துவிட்டன. அந்தப் பட்டத்தை மட்டும் கொண்டு ஒருவர் மூதாதையரை அறுதியிட இயலாது. கப்பல் எண்ணையும் ஊரையும் கொண்டே அறுதியிடலாம்.

தகப்பன் பெயர் இல்லாத பதிவுகளும் உண்டு. மொரீசியசில், அரசாங்கப் பதிவேட்டில் ஏறாத திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. நம் வழக்கப்படி மணந்தோரின் குழந்தைகள், மணமாகாத தாயின் மக்களாக எழுதப்பட்டனர். தென்னாப்பிரிக்காவில், கிறித்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்று 1913-இல் நீதிபதி சேர்ல் தீர்ப்பளித்தார். போராட்டத்தின் பின் 1914-இல் சட்டம் வந்தே நிலை மாறியது. இத்தகைய காகிதத்தைக் கண்டு, குடும்ப மானம் போயிற்றென்று ஒளித்து வைப்போர் உண்டு. 'கூலி' என்ற சொல்லைக் கண்டு கிழித்தெறிந்தோரும் உண்டு. நாம் கேட்கிறோம்: வெட்கப்பட வேண்டியவர் யார்? உழைத்து வாழ்ந்த தாயா? அவள் மணத்தை மணமென்று ஏற்காத சட்டமா?

அந்தக் காகிதத்துக்கு இன்று பயனும் உண்டு. மொரீசியசில் ஏழாம் தலைமுறை இந்திய வழித்தோன்றல்களும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை பெறலாம் என்று 2024 மார்ச்சில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அறிவித்தார். அதற்குச் சான்று எது? மூதாதையர் வந்திறங்கிய பதிவு! கிழிக்காமல் காத்தவருக்கே அது கைகொடுக்கும்.

கடல் கடந்தோர்க்கு மட்டுமா இந்தக் கடமை? நம் வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் பழைய பத்திரங்கள், பள்ளிச் சான்றிதழ்கள், மங்கிய நிழற்படங்கள் கிடக்கின்றன. படத்தில் இருப்பவர் பெயரைச் சொல்ல இன்று ஒரு பாட்டி இருக்கிறார், நாளை இருப்பாரோ? படத்தின் பின்புறம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி வையுங்கள். பாட்டனின் பெயரோடு பாட்டியின் பெயரையும் எழுதுங்கள். அவர்கள் செய்த தொழிலை மறைக்காமல் எழுதுங்கள். களையெடுத்தவர் களையெடுத்தார் என்றே இருக்கட்டும். கல்லுடைத்தவர் கல்லுடைத்தார் என்றே இருக்கட்டும்.

கதிரவன் குலமென்று சொல்லிக்கொள்ளச் சான்று தேவைப்படவில்லை. செம்பும் உளியும் போதுமாயிருந்தன. உழைத்தவர் குலத்துக்கோ சான்று இருக்கிறது: பெயர், ஊர், கப்பல், எண், தழும்பு! அந்தச் சான்றைத் தேடி எடுப்போம். தலை நிமிர்ந்து படிப்போம்.