ரோமாபுரியும் நாளைய நகரமும்

வருங்காலத்தைக் கதையில் வரைய விரும்பும் எழுத்தாளன் முதலில் புரட்ட வேண்டியவை வரலாற்று ஏடுகளே. இல்லாத நகரம் ஒன்றைக் கற்பனையில் எழுப்பினாலும், அதில் வாழப் போகிறவர்கள் மனிதர்கள்தாம். மனிதரை மனிதர் ஆளும் வழிகளோ மிகப் பழையவை.

மேலைநாட்டில் 'சைபர்பங்க்' எனப்படும் கதைவகை 1980-களில் உருப்பெற்றது. 1984-ல் வில்லியம் கிப்சன் எழுதிய 'நியூரோமான்சர்' என்னும் நாவல் அதற்கு நிலைத்த வடிவம் தந்தது. அக்கதைகளில் கருவிகள் வானளாவ வளர்ந்திருக்கும். எளியோர் வாழ்வு தரையோடு தரையாய்க் கிடக்கும். அரசைக் காட்டிலும் வணிக நிறுவனங்கள் வலுத்திருக்கும். அதே பத்தாண்டில் சுஜாதா ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' என்னும் தொடரை எழுதி, ஈரெழுத்துப் பெயர்களும் பிள்ளை பெற அரசின் அனுமதியும் கொண்டதோர் இந்தியாவைக் காட்டினார்.

இத்தகைய உலகைப் படைக்க விழையும் இளைஞர்க்கு ரோமாபுரி நல்லதொரு சுரங்கம். ஆனால் பளிங்குத் தூண்களையும் வாள்வீரர் அரங்கையும் மட்டும் அள்ளிவருவது, கனியை எறிந்துவிட்டுத் தோலைத் தின்பதாகும். அச்சமுதாயத்தைக் கட்டிய பிணைப்புகளையே காண வேண்டும்.

முதலில் குடியிருப்பு. ரோமாபுரியின் எளியோர் அடுக்குமாடிகளில் நெருங்கி வாழ்ந்தனர். அவை இடிந்தும் எரிந்தும் போயினமையால், பேரரசர் அகஸ்டஸ் உயரத்துக்கு 70 அடி என வரம்பு கட்டினார். மேலே ஏற ஏற வாடகை குறைந்தது, ஆபத்து மிகுந்தது. எரியும் வீடுகளையும் அவற்றை அடுத்த வீடுகளையும் அடிமாட்டு விலைக்கு வாங்கியே கிராசஸ் என்னும் செல்வர் பெருஞ்சொத்துச் சேர்த்தார் எனப் புளூட்டார்க் எழுதுகிறார்.

அடுத்தது புரவலர் முறை. விடியற்காலையில் எளியவன் செல்வர் வாயிலில் சென்று வணங்கி நிற்பான். உணவோ சிறுகாசோ பெறுவான். கைம்மாறாக அவர் பின்னே கூட்டமாய் நடப்பான். அரசு அளித்த இலவசத் தானியத்தைக் கி.மு. 2-ல் 2,00,000 பேருக்குச் சற்று அதிகமானோர் பெற்றனர். பசியாறியது, குரல் அடங்கியது.

மூன்றாவது அடிமை முறை. தப்பியோடிய அடிமையின் கழுத்தில் பூட்டிய உலோக வளையங்கள் இன்றும் கிடைத்துள்ளன. இவனைப் பிடித்து உரியவரிடம் சேர்க்க என அவற்றில் பொறித்திருக்கிறது; ஒன்றில் பொற்காசு பரிசும் அறிவித்திருக்கிறது. ஊழியனின் ஒவ்வோர் அசைவையும் முதலாளிக்கு அறிவிக்கும் கருவியை எழுத விரும்புவோர்க்கு வேறு உவமை எதற்கு?

எனினும் ரோமாபுரி ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தது. குடிமகன் ஒருவன் முறைப்படி விடுவித்த அடிமை தானும் குடிமகனானான். ஆயினும் பழைய எசமானுக்குக் கடமைப்பட்டே இருந்தான். இந்நிலையை நம்மவர் எளிதில் உணர்வர். அறபியில் 'மவ்லா' என்னும் சொல் விடுவித்தவரையும் குறிக்கும், விடுவிக்கப்பட்டவரையும் குறிக்கும். விடுதலைக்குப் பின்னும் தொடரும் உறவை ஒரே சொல்லில் அடக்கிய மொழி அது.

நம் கதாசிரியர் களம் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மேடவாக்கத்துக்குக் கிழக்கே சோழிங்கநல்லூரில் கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள். அருகே பெரும்பாக்கத்தில், ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்துக் குடியமர்த்தப்பட்டோர் வாழும் எட்டடுக்குக் குடியிருப்புகள். இடையே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். கைபேசி கட்டளையிட, உணவுப் பொதி சுமந்து இருசக்கர வண்டியில் விரையும் இளைஞன் இவற்றுக்கிடையே நாள்தோறும் போகிறான். அவனுக்கு வேலை தருவதும் தண்டம் விதிப்பதும் முகமில்லாத ஒரு கணக்கு. ரோமாபுரியின் ஏழைக்கு நின்று கெஞ்ச ஒரு வாயிலாவது இருந்தது. இவனுக்கு அதுவும் இல்லை.

ஆகவே நாளைய நகரைப் புனைவோர் மூன்று வினாக்களை முன்வைத்துக் கொள்ளட்டும்: இங்கே யார் யாரைச் சார்ந்து உண்கிறார்? விலங்கு எங்கே பூட்டப்பட்டிருக்கிறது? விடுதலைக்குக் கதவு உண்டா? மூன்றாம் வினாவை மறந்த கதை இருளை மட்டுமே காட்டும். பேரரசரின் பார்வையில் எழுதிய ரோமாபுரி பொம்மைக் கொலு. வளையம் பூண்ட கழுத்திலிருந்து எழுதினால்தான் அது நம் பிள்ளைகளுக்கு எச்சரிக்கையும் ஆகும், வழித்துணையும் ஆகும்.