ஈவும் ஏற்றமும்: 1910-ஆம் ஆண்டின் இரப்பர்ப் பங்குகள்



சேமிப்பைப் பங்குச் சந்தையில் இடும் நண்பர்கள் சிலர் இரண்டு சல்லடைகளைப் பயன்படுத்துகின்றனர். நிறுவனம் அதிக ஈவுத்தொகை தரவேண்டும் என்பது ஒன்று. பங்கின் விலை சில மாதங்களாக ஏறுமுகத்தில் இருக்கவேண்டும் என்பது மற்றொன்று. இரண்டிலும் தேறியவற்றைக் கணினி நொடியில் பட்டியலிட்டுத் தந்துவிடுகிறது. கணினிதான் புதிது, சல்லடை பழையது. நூறாண்டுகளுக்கு முன்னர் இதே சல்லடையை வைத்துக்கொண்டு உலகமே தேடியலைந்த பங்குகள், நம் முன்னோர் பால்வெட்டிய தோட்டங்களின் பங்குகளாகும்.

1877-இல் சிங்கப்பூருக்கு வந்த இருபத்திரண்டு கன்றுகளிலிருந்து இந்நாட்டின் இரப்பர்த் தொழில் வளர்ந்தது. மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை ரிட்லி வகுத்தார். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் வணிக முறையில் பயிரிட்டார். 1908-இல் ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி மகிழுந்து வெளிவந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் ஓர் இராத்தல் இரப்பர் மூன்று ஷில்லிங்கிற்கும் குறைவாக விற்றது. 1910 ஏப்ரலில் அதே இராத்தல் 12 ஷில்லிங் 9 பென்ஸைத் தொட்டது. பழைய தோட்டங்களில் உற்பத்திச் செலவோ ஒன்றரை ஷில்லிங் அளவுதான். எஞ்சியது அனைத்தும் இலாபம்.

அந்நாளில் தோட்டத் தொழிலாளி ஒருவரின் நாட்கூலி ஏறத்தாழ 30 காசு. நீரிணைக் குடியேற்ற வெள்ளி ஒன்று 2 ஷில்லிங் 4 பென்ஸ் என 1906-இல் நிலைப்படுத்தப்பட்டிருந்தது. அவ்வாறாயின் உச்ச விலையில் ஓர் இராத்தல் இரப்பர் ஐந்தரை வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. அதாவது, ஒரு தொழிலாளியின் பதினெட்டு நாள் கூலி. மேல்நிலை வகுப்புகளில் நாணய மாற்றுக் கணக்கு நடத்தும் ஆசிரியர்கள் இதனைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சில கம்பெனிகள் அக்காலத்தில் 100 விழுக்காட்டிற்கும் மேல் ஈவு அறிவித்தன. இச்செய்தியே இலண்டனிலும் ஷாங்காயிலும் மக்களைத் தரகர்களிடம் ஓடச் செய்தது. ஆனால் எதில் 100 விழுக்காடு? ஈவு பங்கின் முகமதிப்பின்மீதே கணக்கிடப்பட்டது. சந்தை விலையின்மீது அன்று. எளிய மனிதரும் வாங்கட்டும் என்று பல கம்பெனிகள் இரண்டு ஷில்லிங் முகமதிப்பில் பங்குகளை வெளியிட்டன. அத்தகைய பங்கிற்கு 150 விழுக்காடு ஈவு என்றால் மூன்று ஷில்லிங். அதே பங்கைச் சந்தையில் அறுபது ஷில்லிங் கொடுத்து வாங்கியவருக்குக் கிடைப்பது ஐந்து விழுக்காடுதான். தொடக்கத்திலேயே வாங்கியவருடைய விழுக்காட்டைக் கேட்டுவிட்டு, இறுதியில் வந்தவர் ஏமாந்தார். (மலேசியாவில் 2016-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் நடப்புக்கு வந்த 2017 ஜனவரி 31 முதல் முகமதிப்பு என்பதே நீக்கப்பட்டுவிட்டது. இப்பொழுது பங்கொன்றுக்கு இத்தனை காசு என ஈவு அறிவிக்கப்படுகிறது. இது நல்ல மாற்றம் என்பது என் கருத்து.)

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஈவு என்பது கடந்த ஆண்டின் விளைச்சலுக்கும் விலைக்கும் உரியது. பங்கின் விலையேற்றமோ வருங்காலத்தைப் பற்றிய நம்பிக்கை. இரப்பர்க் கன்று பால்வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். 1910-இல் தொடங்கிய புதிய கம்பெனிகளுக்குக் காடும் கன்றும் மட்டுமே உடைமை. ஆயினும் பழைய கம்பெனிகளின் ஈவைக் காட்டியே அவையும் விலைபோயின. ஏப்ரலுக்குப் பின் இரப்பர் விலை சரிந்தது. ஜூலையில் ஷாங்காயில் இரப்பர்ப் பங்குகளில் பணத்தை முடக்கியிருந்த மூன்று உள்ளூர் வங்கிகள் வீழ்ந்தன. அந்நகரின் வணிகமே தடுமாறியது.

இக்கதையின் மறுபக்கம் பினாங்குத் துறைமுகத்தில் நடந்தது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறியவர்கள் இங்குதான் கரையிறங்கினர். முதலாளிகளிடமிருந்து ஆள்கணக்கில் வரி வாங்கி, தொழிலாளர்களின் கப்பற்செலவை ஏற்கும் குடியேற்ற நிதி 1907-இல் ஏற்படுத்தப்பட்டிருந்தது. பங்கு விலை ஏற ஏறப் புதிய காடுகள் திறக்கப்பட்டன. திறந்த காடுகளில் மலேரியா பெருகியது. இப்புறம் செபராங் பிறையில், கலிடோனியா முதலிய கரும்புத் தோட்டங்கள் இரப்பருக்கு மாறின. அவற்றை வைத்திருந்த பினாங்கு சுகர் எஸ்டேட்ஸ் நிறுவனமும் பினாங்கு ரப்பர் எஸ்டேட்ஸ் ஆனது. கரும்பு வெட்டிய கைகள் உளி பிடித்தன. ஈவுப் பட்டியலில் இவர்களுக்கு இடமில்லை. எனினும் விலை வீழ்ந்தபோது பங்கு இருந்தது: 1932-இல் இராத்தல் இரண்டு பென்ஸிற்கும் கீழே இறங்கியது, அதற்கு முன்பே 50 காசாக இருந்த கூலி குறைக்கப்பட்டது, ஓரிலட்சத்திற்கும் மேற்பட்டோர் தமிழகத்திற்குத் திருப்பியனுப்பப்பட்டனர்.

1950-களில் ஆங்கிலேயர் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுச் சென்றனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுகளாக்கி விற்றனர். தலைமுறைகளாக லயங்களில் வாழ்ந்தோர் வேலையையும் வீட்டையும் இழந்தனர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளின் நிலை என்னவாயிற்று என்பதை நாமறிவோம். அப்பொழுதுதான் 1960-இல், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்குதாரராகுங்கள் என்று பால்மரத் தொழிலாளர்களை வேண்டினார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலாவதாக வாங்கப்பட்டது. தொடர்ந்து பிற தோட்டங்களும் வந்தன. (1984-இல் ஏறத்தாழ 66,000 இந்தியர்கள் பணமிட்ட மைக்கா ஹோல்டிங்ஸின் கதை இதனினும் வேறு, அதனைத் தனியே எழுதவேண்டும்.)

கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு சந்தையில் விலை கூறப்படுவதில்லை. ஆதலால் ஏறுமுகம், இறங்குமுகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்றைய கணினிச் சல்லடை எதிலும் அது சிக்காது. உறுப்பினருக்கு ஈவு உண்டு. 1910-இல் இலண்டனுக்குச் சென்ற அதே பாலின் ஈவு, அரை நூற்றாண்டிற்குப் பிறகு அதை வெட்டியவர் கைக்கு வந்தது.