மயிலைத் துறையும் சென்னைத் துறைமுகமும்

தமிழ்ச் சமணர் இல்லங்களில் மயிலாப்பூர் என்னும் பெயர் ஸ்ரீ நேமிநாதரின் நினைவோடு இணைந்தே வழங்கி வருகிறது. 22-ஆம் தீர்த்தங்கரராகிய அப்பெருமானின் ஜினாலயம் மயிலைக் கடற்கரையில் விளங்கியது. குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் எனப் பெயரிட்டதும், அவிரோதியாழ்வார் திருநூற்றந்தாதி பாடியதும் இப்பெருமானை முன்னிட்டே ஆகும். சாந்தோம் பகுதியில் கிடைத்த துண்டுக் கல்வெட்டு ஒன்றும் நேமிநாத சுவாமிக்கு அளித்த கொடையைக் குறிப்பிடுகின்றது. கடல் ஊருக்குள் புகுந்தமையால் திருவுருவம் மேல்சித்தாமூருக்கு எழுந்தருளச் செய்யப்பட்டது என்பது வழிவழியாக வந்த செய்தி.

கோயிலைக் கடல் கொண்டது. அக்கோயில் நின்ற துறைநகரின் வாணிகத்தையும் கடல்தான் கொண்டதா என்பது ஆராயத்தக்க வினா. இக்கரையின் துறைமுக வரலாற்றை நோக்கினால், மயிலையின் வாணிகத்தைக் கொண்டு சென்றது அலை அன்று, அண்டையில் எழுந்த மற்றொரு துறையே என்பது புலனாகும்.

பழைய துறை

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி என்னும் நிலநூலார் குறித்த மலியார்பா என்னும் துறை மயிலாப்பூரே என அறிஞர் பலர் கருதுவர். பல்லவர் காலத்தில் மல்லையும் மயிலையும் புகழ்பெற்ற கடற்கரை நகரங்களாக விளங்கின. மூன்றாம் நந்திவர்மனை மயிலைக்கு உரியவனாக நந்திக் கலம்பகம் போற்றுகின்றது. 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துகீசியர் இங்குக் குடியேறிச் சாந்தோம் நகரை அமைத்தனர். சோழமண்டலக் கரையின் துணி, இங்கிருந்து கீழ்த்திசை நாடுகளுக்குச் சென்றது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர் நிலைகொண்டனர். அன்றே இக்கரையில் துறைக்குத் துறை போட்டி தொடங்கிவிட்டது.

மூன்று கல் தொலைவில் ஒரு போட்டி

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி முதலில் வடக்கே ஆர்மகான் எனப்பட்ட துர்க்கராயப்பட்டினத்தில் பண்டகசாலை வைத்திருந்தது. அங்கு நல்ல துணி போதிய அளவில் கிடைக்கவில்லை. வேறிடம் தேடிய பிரான்சிஸ் டே, 1639-இல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடம் மதராசப்பட்டினக் கரையைப் பெற்றார். சாந்தோமுக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று கல் தொலைவில் இருந்த அக்கரையில் இயற்கைத் துறைமுகம் எதுவும் இல்லை. பாறையோ தீவோ காவாத, அலை மோதும் திறந்த மணற்கரை அது. எனினும் டே அதனைத் தேர்ந்தார். மற்ற இடங்களைவிட இங்குத் துணி 20 விழுக்காடு மலிவாகக் கிடைக்கும் என்பதே அவர் கூறிய காரணங்களுள் முதன்மையானது. கம்பெனியின் சரக்கிற்குச் சுங்க விலக்கும், துறையின் சுங்க வருவாயில் பாதியும் நாயக்கரின் கொடையால் கிடைத்தன.

இரு துறைகளும் ஒரே கடலைப் பார்த்தவை. ஒரே அலையைத் தாங்கியவை. சாந்தோமுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பழக்கமும் தொடர்புகளும் இருந்தன. புதிய துறைக்கோ நெசவாளரை அழைத்துக் குடியேற்றும் முனைப்பு இருந்தது. 1662-இல் கோல்கொண்டாப் படை சாந்தோமைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த போர்த்துகீசிய வணிகர் பலர் சென்னைக்கே குடிபெயர்ந்தனர். 1672-இல் பிரெஞ்சுக்காரர் அந்நகரைப் பிடித்து ஈராண்டுகள் வைத்திருந்தனர். அவர்கள் வெளியேறிய பின் அதன் மதில்கள் இடிக்கப்பட்டன. 1749-இல் சாந்தோம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதற்கு முன்பே, 1734-இல், நெசவாளருக்கென்று சிந்தாதிரிப்பேட்டை நிறுவப்பட்டிருந்தது. துறையின் வலிமை கரைக்குப் பின்னால் உள்ள தறிகளில் இருந்தது என்பதற்கு அப்பேட்டையே சான்று.

அலைகளுக்கு அப்பால் நின்ற கப்பல்கள்

வென்ற துறையும் வசதியான துறையாக இருக்கவில்லை. கப்பல்கள் கரைக்கு வரமுடியாமல் ஆழ்கடலில் நங்கூரமிட்டன. ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளே சரக்கையும் பயணிகளையும் அலை கடந்து கொண்டுசென்றன. ஆணி அடித்த படகு மோதும் அலையில் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். அப்படகைச் செலுத்தியோரின் திறமையே அன்றைய துறைமுகத்தின் திறனாக இருந்தது. கடல் கொந்தளித்தால் ஏற்றுமதியும் இறக்குமதியும் நின்றன. சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்கள் பல 1746 அக்டோபரில் புயலில் சிதைந்தமை, இத்திறந்த கரையின் இடரைக் காட்டும்.

1861-இல் இரும்புத் தூண்கள்மேல் அமைந்த பாலம் ஒன்று கடலுக்குள் நீட்டப்பட்டது. 1875-இல் வேல்ஸ் இளவரசர் செயற்கைத் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டினார். அலைதடுப்புச் சுவர்கள் முடிவுறும் நிலையில், 1881 நவம்பர்ப் புயல் அவற்றைப் பெரிதும் சிதைத்தது. மீண்டும் கட்டப்பட்ட பின்னும் கிழக்கு நோக்கிய வாயிலால் அலையும் மணலும் உட்புகுந்தன. 1904-இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கு வாயிலை அடைத்து வடகிழக்கில் புதுவாயில் அமைத்தார். கணிதமேதை இராமானுஜன் 1912-இல் எழுத்தராகச் சேர்ந்தது இவர் தலைமையில் இயங்கிய அலுவலகத்தில்தான்.

துறைமுகச் சுவர்கள் மற்றொரு விளைவையும் தந்தன. ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அவை தடுத்து நிறுத்தின. அதனால் தென்புறத்தே மெரினா கடற்கரை அகன்றது. வடபுறத்தே இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகள் அரிக்கப்பட்டன. தென்கரையினர் உலாவி மகிழ மணல்வெளி கிடைத்தது. வடகரை மீனவர் வாழிடம் இழந்தனர். ஒரு துறைமுகத்தின் கணக்கில் இந்த இழப்பையும் சேர்த்தே எழுதவேண்டும்.

பெட்டகக் காலம்

1983-இல் சென்னையில் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. ஒரே அளவான இரும்புப் பெட்டகத்தில் அடைத்த சரக்கு, கப்பல், இரயில், லாரி ஆகியவற்றில் பிரிக்கப்படாமலே செல்லும் முறை இது. 2001-இல் அம்முனையம் தனியார் இயக்கத்திற்கு விடப்பட்டது; 2009-இல் இரண்டாம் முனையம் வந்தது. சரக்கின் அளவோடு காலத்தையும் கணக்கிடுவது இக்காலத்தின் முறை. கப்பல் துறைக்கு வந்து திரும்ப எத்தனை மணி நேரம், பெட்டகம் முனையத்தில் கிடப்பது எத்தனை நாள் என்பனவே ஒரு துறையின் திறனை அளக்கும் கோல்கள். உலக வங்கியும் கப்பல் துறையில் கழிக்கும் நேரத்தைக் கொண்டே பெட்டகத் துறைமுகங்களை வரிசைப்படுத்துகிறது.

இந்த அளவுகோலில் சென்னையின் குறை கடற்பக்கத்தைவிட நகரப்பக்கத்திலேயே மிகுதி. துறைமுகத்தைச் சூழ்ந்து ஜார்ஜ் டவுனும் இராயபுரமும் நெருங்கி நிற்கின்றன. பெட்டக லாரிகள் வடசென்னைச் சாலைகளில் நெடுவரிசையாய்க் காத்து நின்றமை பல்லாண்டு வழக்கம். காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் லாரி வாடகையாகவும் தவறிய கப்பலாகவும் ஏற்றுமதியாளர் தலையில் விழுகிறது. இதற்கெனத் திட்டமிட்ட துறைமுகம்–மதுரவாயல் மேம்பாலச் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டப்பட்டது; 2012-இல் பணி நின்றது; ஈரடுக்குச் சாலையாக மாற்றி 2022-இல் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது.

இதற்கிடையே போட்டியாளர் வந்துவிட்டனர். 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் தொடங்கியது. இன்று அது காமராசர் துறைமுகம். 2008-இல் ஆந்திரத்தில் கிருஷ்ணபட்டினமும், 2013-இல் எண்ணூருக்கு அருகே காட்டுப்பள்ளியும் இயங்கத் தொடங்கின. தூசியால் மக்கள் துன்புறுவதை முன்னிட்டு உயர் நீதிமன்றம் இட்ட ஆணையால், 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வது நின்றது. நிலக்கரி எண்ணூருக்குச் சென்றது. திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளின் பெட்டகங்களுக்கு இன்று மூன்று துறைகள் திறந்திருக்கின்றன. எங்கே காத்திருப்பு குறைவோ அங்கே சரக்கு செல்லும். எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் நோக்கி அமையும் சுற்றுவட்டச் சாலை இத்தேர்வை மேலும் எளிதாக்கும்.

வரலாறு கூறுவது

1639-இல் சாந்தோம் வணிகர் தம் வடக்கே மூன்று கல் தொலைவில் இருந்த வெறும் மணற்கரையைப் பொருட்படுத்தியிருக்கமாட்டார். அம்மணற்கரை அவர்தம் வாணிகத்தைக் கொண்டதற்குக் காரணம் கடல் அன்று. துணியின் விலை, சுங்கச் சலுகை, நெசவாளர் குடியிருப்பு ஆகிய கரைப்புற ஏற்பாடுகளே. இன்று அதே இடத்தில் சென்னை நிற்கிறது. வடக்கே எண்ணூரும் காட்டுப்பள்ளியும் நிற்கின்றன. சாலையை நம்பியே துறை வாழ்கிறது என்பதை உணர்ந்து காலத்தே செயல்பட்டால், பழைய துறையும் புதிய துறைகளும் ஒருங்கே வாழ இடமுண்டு. தாமதித்தால் சாந்தோமின் கதை மீளும்.

மேல்சித்தாமூர் சென்று, மயிலையிலிருந்து எழுந்தருளியதாகக் கூறப்படும் நேமிநாதப் பெருமானை வணங்கும் குடும்பங்கள், அத்திருவுருவம் முன்னர் நின்றது ஒரு துறைநகரின் கரையில் என்பதையும் இளையோர்க்கு எடுத்துரைத்தல் நன்று. மயிலையின் கடல் வாணிகத்தை நினைவூட்ட இன்று எஞ்சியுள்ள சான்றுகள் சிலவே. அவற்றுள் இதுவும் ஒன்று.