திருட்டுப் படத் தளங்கள் எப்படி முடக்கப்படுகின்றன?

தேக்காவில் டிக்கெட்டுக்கு அலையும்போது நண்பர் 'லிங்க்' அனுப்புறார். தட்டினா பக்கமே வரல. ஏன்?

2014 சட்டத் திருத்தத்தின்படி, பதிப்புரிமை வைத்திருப்போர் உயர் நீதிமன்றத்தை நாடலாம். நீதிமன்றம் உத்தரவிட்டால் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 போன்ற இணையச் சேவை நிறுவனங்கள் தளத்தை முடக்கவேண்டும். 2018இல் 53 தளங்கள் அப்படி முடக்கப்பட்டன.

வேற முகவரியில வந்தா?

அதற்கும் வழியுண்டு. புதிய வழக்கு தேவையில்லை என 2018இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தளத்தின் புதிய முகவரிகளைத் தெரிவித்தால் போதும்.

'ஆண்ட்ராய்டு' பெட்டி வாங்கலாமா?

பெட்டி குற்றமல்ல. திருட்டுப் படங்களுக்கு வழிசெய்யும் பெட்டிகளை விற்பதே குற்றம். 2021 சட்டப்படி, விற்கும் தனிநபருக்கு 100,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும்.

'ஆயுசுக்கும் இலவசம்'னு கடைக்காரர் சொன்னா யோசிங்க. தளம் முடங்கினால் கொடுத்த காசு போச்சு!